பரிசுச் சீட்டும் அதன் கெடுவும்

மகர்பட்டாவில் குடியேறியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பரிசுச் சீட்டு ஒன்றேனும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. தீபாவளிக்குக் கம்பெனியார் கொடுத்தது, குழந்தையின் பிறந்த நாளுக்கு நண்பர் கொடுத்தது, புதுமனை புகுவிழாவுக்கு வந்தது என்று ஏதேனும் ஒன்று அலமாரியின் ஒரு மூலையில் கிடக்கும். சைபர் சிட்டியில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு இப்பொழுது அது காகிதமாகக்கூட வருவதில்லை. கைப்பேசியில் பதினாறு இலக்கங்களாக வந்து நிற்கிறது. முன்னாளில் உறையிலே பணம் வைத்து மொய் எழுதினார்கள். அந்தப் பணத்திற்குக் கெடு கிடையாது. இந்தச் சீட்டுக்கு உண்டு. அதைப் பற்றி எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி இந்நகரத்துப் பள்ளி ஒன்றில் 22 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றாள். பிரிவுபசாரத்தன்று உடன் பணியாற்றிய ஆசிரியைகள் தங்களுக்குள் பணம் திரட்டி, ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு பரிசு அட்டை வாங்கிக் கொடுத்தார்கள். ஆயாவாக இருந்த அம்மையாரும் அதில் நூறு ரூபாய் போட்டிருந்தார் என்று பின்னர் தெரிந்தது. அதை வைத்து ஒரு நல்ல புடவை எடுக்க வேண்டும், அதை எங்கள் மகளின் வளைகாப்பன்று உடுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவள் எண்ணம். அதுவரை அட்டை பூஜை அலமாரியில், பழைய கல்யாணப் பத்திரிகைகளோடு பத்திரமாக இருந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்த பின்பு கடைக்குப் போனோம். புடவையைத் தேர்ந்தெடுத்து, மடித்துப் பையில் போட்டாயிற்று. கல்லாவிலிருந்த இளைஞன் அட்டையை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, மிகவும் பணிவாகவே, “தேதி முடிந்துவிட்டது, காகூ” என்றான். கெடு கடந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன.

நான் பணம் கொடுத்துப் புடவையை வாங்கிவிடலாம் என்றேன். அவள் வேண்டாமென்று திருப்பி வைத்துவிட்டாள். வீட்டிற்கு வரும் வழியில், “பணம் போனால் போகட்டும். அவர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுத்ததல்லவா போய்விட்டது? கேட்டால் என்ன சொல்வேன்?” என்று மட்டும் சொன்னாள்.

அன்றிரவு பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அட்டையின் பின்புறத்தைப் படித்தேன். அங்கே அந்தக் கடையின் பெயர் இல்லை. வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. பல கடைகளிலும் செல்லத்தக்க அட்டை அது. கடைக்காரர் அதை ஏற்றுக்கொள்பவர் மட்டுமே, வெளியிட்டவர் அல்லர். ஆகவே கல்லாவிலிருந்த இளைஞனிடம் நாங்கள் வாதாடியிருந்தாலும் பயன் இருந்திராது. நேயர்கள் இந்த ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சீட்டு எந்தக் கடையில் செல்லும் என்பது ஒன்று. அதை வெளியிட்டவர் யார் என்பது மற்றொன்று. நம் உரிமை பெரும்பாலும் இரண்டாவதையே பொறுத்திருக்கிறது.

பல கடைகளில் செல்லும் இத்தகைய அட்டைகளை வெளியிடுவோர் ரிசர்வ் வங்கியின் ஆணைகளுக்கு உட்பட்டவர்கள். முன்பணக் கருவிகள் பற்றி 2021 ஆகஸ்டு 27-ஆம் நாள் அவ்வங்கி வெளியிட்ட விதிகளைப் படித்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. அட்டையில் பணம் ஏற்றிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டுக் காலமாவது அது செல்லுபடியாக வேண்டும். கெடு எதுவென்று கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும். கெடு முடிவதற்கு முந்திய 45 நாட்களுக்குள் குறுஞ்செய்தியாலோ, மின்னஞ்சலாலோ, தபாலாலோ எச்சரிக்க வேண்டும். அதுவும் வாடிக்கையாளர் விரும்பிய மொழியில். பரிசு அட்டையின் மதிப்பு பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. வைத்திருப்பவர் கேட்டால், புதிய அட்டை கொடுத்தேனும் அதன் காலத்தை நீட்டித்துத் தரலாம் என்றும் அவ்விதி கூறுகிறது.

இவற்றினும் மேலானது ஒன்று உண்டு. கெடு முடிந்த அட்டையில் மிஞ்சிய பணத்தை, முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டுகள் வரையில் வெளியிட்ட நிறுவனம் தன் லாபக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாகாது. கெடுவுக்குப் பின் எப்பொழுது வந்து கேட்டாலும் அத்தொகையை வைத்திருப்பவரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். தேதி முடிந்தது என்றால் பணம் மாய்ந்தது என்று பொருளன்று. இதை அறியாமல் நம்மில் எத்தனை பேர் அட்டையைக் கிழித்துக் குப்பையில் எறிந்திருப்போம்!

எச்சரிக்கை ஏன் எங்களுக்கு வரவில்லை என்று விசாரித்தேன். வரத்தான் செய்திருக்கிறது, ஆனால் எங்களுக்கன்று. அட்டையை வாங்கிய ஆசிரியை தம் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்தார். வந்த செய்திகளை ஏதோ விளம்பரம் என்றெண்ணி அவர் அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நாமும் அப்படித்தானே செய்கிறோம். பரிசளிப்போர் பெறுபவரின் எண்ணைக் கொடுத்திருந்தால் இவ்வளவு அலைச்சல் வேண்டியிருந்திராது.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். முதலில் வந்த பதில், நிபந்தனைகளைப் பார்க்கவும் என்ற அச்சடித்த வாசகமே. இரண்டாம் முறை, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், வாங்கிய நாள், கடையில் மறுத்த நாள் ஆகியவற்றைக் குறித்து, ரிசர்வ் வங்கியின் விதியையும் நாளையும் எடுத்துக்காட்டி, காலத்தை நீட்டிக்க வேண்டும், இல்லையேல் தொகையைக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று எழுதினேன். இருபத்துமூன்றாம் நாள் புதிய அட்டை வந்து சேர்ந்தது. வளைகாப்பு அதற்குள் முடிந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேரக் குழந்தையின் பெயர் சூட்டு விழாவன்று என் மனைவி அந்த நாராயண்பேட்டைப் புடவையை உடுத்திக்கொண்டாள். ஆயா அம்மையாரையும் அழைத்திருந்தாள்.

எல்லாச் சீட்டுகளும் இப்படி மீண்டு வந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கடை தானே அச்சிட்டு, தன் கடையில் மட்டும் செல்லும்படி கொடுக்கும் சீட்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. மேற்சொன்ன விதிகளும் அதைக் கட்டுப்படுத்தா. மூன்று மாதக் கெடு, ஆறு மாதக் கெடு, மீதிச் சில்லறை தரமாட்டோம் என்ற நிபந்தனை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். பொருள் வாங்கியதற்கு இலவசமாகக் கொடுக்கும் தள்ளுபடிச் சீட்டோ இன்னும் எளியது. அதற்கு நாம் பணம் கொடுக்கவில்லையாதலால் வாதாடவும் இடம் குறைவு.

இவ்விஷயத்தில் வேறு நாட்டார் நம்மைவிட முந்திக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2010 ஆகஸ்டு முதல் பரிசு அட்டையின் பணத்துக்குக் குறைந்தது ஐந்தாண்டுக் காலம் உண்டு. அயர்லாந்திலும் 2019 டிசம்பர் முதல் ஐந்தாண்டுகள். ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் மூன்றாண்டுகள். அந்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கடைக்கே உரிய சீட்டுக்கு இவ்வளவு காலம் என்று வரையறுக்கும் சட்டம் நம் நாட்டில் வருவதில் என்ன தடையோ, எனக்கு விளங்கவில்லை. மீட்கப்படாமலே கிடந்துபோகும் சீட்டுப் பணத்துக்கு வணிகர்கள் ‘பிரேக்கேஜ்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 31-ஆம் நாள் வெளியான மத்திய மறைமுக வரி வாரியத்தின் சுற்றறிக்கை, அப்பணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று தெளிவுபடுத்தியது. நாம் மறந்து போவதும் ஒரு கணக்குத் தலைப்பாகிவிட்டது!

ஆயினும் கடைச் சீட்டை வைத்திருப்பவர் அடியோடு கதியற்றவர் அல்லர். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019) அவருக்கும் துணை நிற்கும். விலை கொடுத்தவர் மட்டுமன்றி, அவர் இசைவோடு பயன்படுத்துபவரும் அச்சட்டப்படி நுகர்வோரே. ஆகவே ‘சீட்டை வாங்கியவர் நீங்கள் அல்லவே’ என்று கடைக்காரர் தட்டிக் கழிக்க முடியாது. கெடுவை மறைத்து விற்றாலும், கெடுவுக்குள் சென்றபோது ஏற்க மறுத்தாலும் வழக்குக்கு இடமுண்டு. நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு மிகவும் உதவுவது, நாம் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு. சென்னையில் வாங்கிய சீட்டானாலும் புனே மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள விஷயங்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

அவ்வளவு தூரம் போகுமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம். இந்தியும் மராத்தியும் தடுமாறும் நம் பெரியவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. பல கடைகளில் செல்லும் அட்டையானால், வெளியிட்ட நிறுவனத்துக்கு எழுதி 30 நாட்கள் காத்திருந்து, பதில் இல்லாவிடினும் திருப்தியில்லாவிடினும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் செலவின்றி முறையிடலாம்.

நாம் குடியிருக்கும் இந்தப் புனே நகரமே இத்துறையில் பெயர் பெற்றது என்பதைப் பலர் அறியார். நுகர்வோர் சட்டம் பிறந்த 1986-க்கும் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1974-இல், பிந்துமாதவ் ஜோஷி அவர்கள் அகில பாரதீய கிராஹக் பஞ்சாயத்தை இங்கேதான் தொடங்கினார். ‘கிராஹக்’ என்றால் வாங்குபவர். மராத்தியர் இச்சொல்லை உச்சரிக்கும்போது அதில் ஒரு மிடுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

அன்பர்கள் இன்றே அலமாரியையும் கைப்பேசியையும் ஒரு முறை துழாவிப் பார்க்கட்டும். கிடைக்கும் சீட்டின் பின்புறத்தில் வெளியிட்டவர் பெயரையும் கெடுவையும் பார்த்து, நாட்காட்டியில் ஒரு மாதம் முன்னதாகவே குறித்துக்கொள்ளட்டும். கெடு முடிந்தவையாயினும் கிழிக்க வேண்டாம். பின்புறத்து எழுத்து கண்ணுக்குத் தெரியாதவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்துவந்தால் உடனிருந்து படித்துச் சொல்கிறேன். பூதக் கண்ணாடியும் கொண்டுவருவேன்.