சண்டிக் குதிரையின் வாய்க்குள்

காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடியைத் தாண்டினால் திருக்கடையூர். காணும் பொங்கலையொட்டி அங்கே நடக்கும் எல்கைப் பந்தயத்தில் மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளும் ஓடும். சாலையோரம் நிற்பவர்களின் கண் சக்கரத்திலும் குளம்பிலும்தான் இருக்கும். ஒருமுறை குதிரைகளின் வாயை மட்டும் பாருங்கள். சில குதிரைகள் வாயை மூடிக்கொண்டு, கழுத்தை முன்னே நீட்டி ஓடும். சில வாயைப் பிளந்து, நாக்கை ஒரு பக்கம் துருத்தி, தலையை மேலும் கீழும் வெட்டியபடியே ஓடும். இரண்டாவது வகைக்கு நம்மூரில் சட்டென்று ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்: சண்டி. பெயர் வைத்தவுடன் விசாரணையும் முடிந்துவிடும். அடுத்து, இருந்ததைவிடக் கடுமையான கடிவாளம் ஒன்று வாங்கி மாட்டப்படும்.

அப்படிப் பெயர் வாங்கிய குதிரை பெரும்பாலும் சண்டித்தனம் செய்வதில்லை. தன் வாயில் ஏதோ சரியில்லை என்பதை அதற்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்கிறது. அதைக் கேட்காமல் வாங்கும் புதுக் கடிவாளம் எதுவானாலும் குருட்டு வைத்தியம்தான்.

குதிரையின் கீழ்த்தாடையில் ஆறு முன்பற்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம். அதைத் தாண்டித்தான் கடைவாய்ப் பற்கள் தொடங்குகின்றன. அந்த வெற்றிடத்தில் குறுக்கே ஒன்றை வைத்தால் இத்தனை பெரிய விலங்கைத் திருப்பலாம், நிறுத்தலாம் என்று மனிதர் கண்டுகொண்டது மிகப் பழங்காலத்தில். இஸ்ரேலில் தெல் எஸ்-ஸாஃபி அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 4,700 ஆண்டுகளுக்கு முந்தைய கழுதை ஒன்றின் பல்லிலேயே கடிவாளம் தேய்த்த தடம் இருப்பதாக 2018இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பல் இல்லாத இடம் என்பதால் அங்கே உணர்ச்சி குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஈறு மெல்லியது, அதற்கடியில் சதை கிடையாது, நேராகத் தாடை எலும்பின் கூரிய விளிம்பு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் கட்டில் கால் இடித்தால் நமக்கு எப்படி உயிர் போகுமோ, அப்படிப்பட்ட இடம் அது. கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளியே வருவதும் அந்தப் பகுதியில்தான்.

வாய்க்குள் கடிவாள இரும்பு என்ன செய்கிறது என்பதை நேரில் பார்க்க 1980களில்தான் வழி பிறந்தது. ஹிலரி கிளேட்டன் என்ற கால்நடை மருத்துவ அறிஞர், கடிவாளம் மாட்டிய குதிரைகளின் தலையை அசையும் எக்ஸ்-ரே படமாகப் பதிவு செய்தார். இரும்பு தாடை எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும் என்றுதான் அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். படத்தில் அது பெரும்பாலும் நாக்கின் மேல் கிடந்தது. கடிவாள வாரை இழுக்கும்போது நாக்குக்குள் அமுங்கியது. குதிரைகளும் சும்மா இருக்கவில்லை. நாக்கைப் பின்னுக்கு இழுத்து உப்பவைத்தன, இரும்பைத் தூக்கிக் கடைவாய்ப் பற்களுக்கிடையே கொண்டுபோயின. வெளியே நிற்கும் நமக்கு ‘வாயாடுகிறது’ என்று மட்டும் தெரிவது, உள்ளே அழுத்தத்தை இடம் மாற்றும் வேலை.

மட்டக்குதிரைக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. தலை சிறியது, ஆனால் பற்களும் நாக்கும் அதே விகிதத்தில் சிறுத்துவிடுவதில்லை. தடித்த நாக்கு, தாழ்ந்த மேலண்ணம், இடையில் மிகக் குறைந்த இடம். அதற்குள் விரல் பருமன் இரும்பைத் திணித்தால் குதிரை வாயை மூடவே முடியாது. தடித்த இரும்பு மென்மையானது என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. அதில் பாதி உண்மை உண்டு: அதே இழுப்பு அகலமான பரப்பில் பரவினால் அழுத்தம் குறையும். ஆனால் வைக்க இடம் இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். ஜெர்மனியில் ஏங்கல்கே, காசே இருவரும் 2003இல் வெளியிட்ட உடற்கூறு ஆய்வு, குதிரை வாய்க்குள் இரும்புக்கென்று இருக்கும் இடம் பொதுவாக நினைப்பதைவிடக் குறைவு என்று காட்டியது. பின்லாந்தில் தடை தாண்டும் சவாரிப் போட்டிக் குதிரைகளில் 14 முதல் 17 மில்லிமீட்டர் பருமனுள்ள இரும்பு அணிந்தவற்றைவிட, அதற்கு மெலிந்தது அணிந்தவற்றுக்கும் தடித்தது அணிந்தவற்றுக்கும் வாய்ப்புண் ஆபத்து கூடுதலாக இருந்தது.

ஆனாலும் இரும்பைப் பற்றிப் பேசுமுன் பல்லைப் பார்த்துவிட வேண்டும். குதிரை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்காதவர் இல்லை. அதெல்லாம் வயது கணிக்க, அதுவும் முன்பற்களை மட்டும். வாங்கிய பிறகு பின்வரிசையை யாரும் பார்ப்பதில்லை. குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் அளவில் ஈறிலிருந்து மேலெழுந்துகொண்டே இருக்கும். அரைக்க அரைக்கத் தேயும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம் என்பதால் மேற்பற்களின் வெளி ஓரமும் கீழ்ப்பற்களின் உள் ஓரமும் தேயாமல் கூராகிவிடுகின்றன. கோடியக்கரைக் காட்டில் கட்டின்றித் திரியும் மட்டக்குதிரைகள் நாளின் பெரும்பகுதி புல்லை மேய்ந்து தாடையை அகல ஆட்டி அரைக்கின்றன. கொட்டிலில் கொள்ளும் தவிடும் தின்னும் வண்டிக் குதிரைக்கு அந்த அகல அசைவு குறைவு. பல்முனை கூர்மையாவதும் விரைவு. கடிவாளத்தை இழுக்கும்போது கன்னத்தின் உட்புறம் போய் அழுந்துவது அந்தக் கூர்முனைகளில்தான். அரம் கொண்டு ராவினால் தீர்ந்துபோகும் வலிக்கு நாம் கடிவாளத்தை மாற்றிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று, சில குதிரைகளுக்கு மேல் கடைவாய் வரிசைக்கு முன்னால் முளைக்கும் மிகச் சிறிய பல். மூதாதைக் குதிரைகளின் முன்கடைவாய்ப் பல் ஒன்றின் மிச்சம் அது, மெல்லுவதற்கு உதவாது. இரும்பு அதில் இடித்தால் தலையை உதறும். சிலவற்றில் அது ஈறுக்கடியிலேயே மறைந்திருக்கும். விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வயதையும் கவனிக்க வேண்டும். குதிரைக்குப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் பருவம் ஏறத்தாழ இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுவரை. இளங்குதிரையை வண்டியில் பூட்டிப் பழக்குவதும் அந்த வயதில்தான். ஈறு வீங்கி நிற்கும் மாதங்களில் கற்றுக்கொண்ட பயம், பல் முளைத்து முடிந்த பின்னும் போகாது. இதற்கெல்லாம் கால்நடை மருத்துவர் வாய் திறப்பானைப் பொருத்தி, விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். காரைக்கால்காரர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டாத தூரமில்லை.

பல் சரி என்று தெரிந்த பிறகு அளவு. இரும்பு தங்கும் இடத்தில் ஒரு வழவழப்பான மூங்கில் குச்சியைக் குறுக்கே பிடித்து, இரண்டு கடைவாயிலும் உதட்டின் வெளி ஓரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த அளவோடு பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் கூட்டினால் போதும். குறுகலானது உதட்டைக் கிள்ளும். நீளமானது ஒரு பக்கமாக வழுக்கி, நடு மூட்டு இடம் மாறி, ஒருபக்கத் தாடையைக் குத்தும். கடைவாயில் ஒரு சுருக்கம் லேசாக விழும் உயரத்தில் தொங்கவிட்டுத் தொடங்கலாம். நாக்கு தடித்த குதிரைக்கு நடுவில் ஒரே மூட்டு உள்ளதைவிட, இரண்டு மூட்டும் இடையில் வழவழப்பான சிறு துண்டும் உள்ளது பெரும்பாலும் ஒத்துப்போகும். நாக்கின் வளைவை அது அனுசரித்துக் கிடக்கும். அசையும் இரும்பையே வெறுத்து வாயை ஆட்டிக்கொண்டிருக்கும் குதிரைகளும் உண்டு. அவற்றுக்கு மூட்டே இல்லாத, லேசாக வளைந்த ஒற்றை இரும்பு அமைதி தரும். எது என்பதைக் குதிரைதான் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சில நாள் பார்த்தால்தான் அது சொல்வது நமக்கு விளங்கும்.

நெம்புகோல் கடிவாளத்தைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. வாய்க்கு வெளியே கீழ்நோக்கி நீண்ட கையும் தாடைக்கடியில் சங்கிலியும் உள்ளது அது. கணக்கு எளிது. கீழ்க்கை மேற்கையைப்போல இரண்டு மடங்கு நீளம் என்றால், வாரில் 5 கிலோ இழுத்தால் சங்கிலியில் 10 கிலோ ஏறும். இரண்டும் சேர்ந்து 15 கிலோ இரும்பின் வழியே நாக்கிலும் தாடையிலும் இறங்கும். பழகிய குதிரை, நிதானமான கை இரண்டும் சேர்ந்தால் இரண்டு விரல் அசைவில் வண்டி நிற்கும் என்பது உண்மை. வலியால் தலை உதறும் குதிரைக்கு இதை மாட்டுவது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாயைப் பொத்துவது. முள் வைத்த கடிவாளத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. முள்ளோ முண்டோ உள்ள கடிவாளத்தை இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965இலேயே தடை செய்துவிட்டன.

கடலோரக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம்மூர்க் காற்றில் உப்பு. மலிவான கடிவாளம் இரும்பின் மேல் நிக்கல் முலாம் பூசியது. முலாமில் மயிரிழை அளவு கீறல் விழுந்தால் போதும், உப்பின் குளோரைடு உள்ளே போய் இரும்பை அரித்து முலாமைச் செதிலாக உரிக்கும். அந்தச் செதில் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும். வாரம் ஒருமுறை பஞ்சை இரும்பின் மேல் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் அது இனி வாய்க்கு ஆகாது. துருப்பிடிக்காத எஃகு விலை கூடினாலும் இந்தக் கரையில் அதுதான் உழைக்கும். அதையும் ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். சித்திரை வெயிலில் கிடந்த கடிவாளத்தை உள்ளங்கையில் பிடித்துப் பார்க்காமல் வாயில் வைக்கவே கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் குதிரை அடங்கவில்லையென்றால் கை பக்கம் திரும்ப வேண்டும். குதிரை கற்றுக்கொள்வது இழுப்பினால் அல்ல, இழுப்பு நின்ற கணத்தால். நில் என்று வாரைப் பிடித்து, அது வேகம் குறைத்த அந்த நொடியே தளர்த்தினால் அதற்குப் புரியும். நின்ற பிறகும் பிடித்துக்கொண்டேயிருந்தால், அதன் கணக்கில் நின்றதற்கும் தண்டனை, ஓடியதற்கும் தண்டனை.

காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. காரைக்காலும் அதே கரையில்தான் இருக்கிறது. தஞ்சை சரசுவதி மகாலின் படங்களோடு கூடிய அசுவ சாஸ்திரம் 1952இல் அச்சேறியது. இவ்வளவு நெடிய பழக்கம் இருந்தும் நம் கண் ஓரிடத்தில் பிசகியிருக்கிறது. ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரின் மண் குதிரை வாய் பிளந்து பல் தெரிய நிற்கும். அதை வீறு என்று பார்த்தே வளர்ந்தோம். சூ டைசன் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் 2018இல் வெளியிட்ட பட்டியலில், சவாரிக் குதிரையின் வலியைக் காட்டும் 24 நடத்தைகள் இருக்கின்றன. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் உடம்பில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். வாய் திறந்து பற்கள் விலகி 10 நொடிக்கு மேல் நீடிப்பது அந்தப் பட்டியலில் ஒன்று.

பின்லாந்தில் பந்தயம் முடிந்த கையோடு 261 குதிரைகளின் வாயை விளக்கடித்துப் பார்த்து, முடிவை 2019இல் வெளியிட்டார்கள். 84 சதவீதத்துக்குப் புதுப் புண் இருந்தது. வெளியே இரத்தம் தெரிந்தவை மிகச் சில. வண்டியோட்டிய சாரதிக்கே தெரியாத புண்கள் அவற்றில் இருந்திருக்கும். இங்கே இதைச் செய்யப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். வெற்றிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கால்நடை மருத்துவர், ஒரு கைவிளக்கு, குதிரையின் பெயரும் கடிவாளத்தின் வகையும் புண் இருந்த இடமும் எழுத ஒரு குறிப்பேடு. பந்தயக் குழுவினர் அடுத்த காணும் பொங்கலுக்கே தொடங்கலாம். மூன்று, நான்கு பொங்கலுக்குள் நம் மட்டக்குதிரைகளுக்கு எந்தக் கடிவாளம் ஆகும், எது ஆகாது என்பதற்கு நம் மண்ணின் கணக்கே கையில் இருக்கும்.