முட்டுக்கட்டை முதல் வட்டுத்தடை வரை

முன்னுரை

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ரதவீதிகளில் நின்று கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவர். வடம் பிடித்து இழுப்போர் மிகப் பலர். காண்போர் கண்களும் அவர்கள் மீதே இருக்கும். ஆயின் சக்கரத்தின் அருகில் கட்டையை ஏந்தி நிற்கும் ஒரு சிலரே தேரின் போக்கையும் நிறுத்தத்தையும் ஆள்பவர்கள். அவர்கள் கையில் உள்ளதுதான் முட்டுக்கட்டை. இச்சொல் இன்று நம் வழக்கில் பழிச்சொல்லாகிவிட்டது. நற்செயலைத் தடுப்பவனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று இகழ்கிறோம். உண்மையில் முட்டுக்கட்டை இல்லையேல் தேர் நிலைக்குத் திரும்பாது. வீதியில் நிற்போர் உயிருக்கும் உறுதியில்லை.

ஓடச் செய்வது எளிது, உரிய இடத்தில் நிற்கச் செய்வதே அரிது என்னும் இவ்வுண்மை மிதிவண்டிக்கும் பொருந்தும். அண்மைக் காலமாக நம் கல்லூரி மிதிவண்டி நிறுத்தத்தில் 'டிஸ்க் பிரேக்' பொருத்திய வண்டிகள் பல காணப்படுகின்றன. அவற்றுள் சில நீர்மத்தால் இயங்குபவை. அவற்றின் இயல்பு, நம்பகம், பேணும் முறை ஆகியவற்றை எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டுரைக்குக் காரணமான நிகழ்ச்சி

தமிழ்த்துறையினர் இப்பொருள் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பேட்டையிலிருந்து நாள்தோறும் மிதிவண்டியில் வரும் நம் மாணவர் ஒருவருக்கு, வளைகுடா நாட்டில் பணிபுரியும் தந்தை விலையுயர்ந்த வண்டி ஒன்றை வாங்கித் தந்தார். சில மாதங்களில் அதன் பிரேக் பிடி தளர்ந்தது. பழுது பார்த்தவர் கார்களுக்கு ஊற்றும் பிரேக் ஆயிலை அதில் நிரப்பி அனுப்பினார். சில கிழமைகள் வண்டி நன்றாகவே ஓடிற்று. பின்னர் ஒருநாள் காலை, திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலத்தின் இறக்கத்தில் பிடி கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது, வண்டி நிற்கவில்லை. எதிரே வந்த பேருந்தைத் தவிர்க்க அம்மாணவர் வண்டியோடு சாய்ந்து விழுந்தார். உயிர் தப்பியது இறையருள். எழுதும் கையின் எலும்பு முறிந்ததால், அப்பருவத் தேர்வை அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுத நேர்ந்தது.

'எல்லாம் விதி' என்றனர் உறவினர். ஆனால் பின்னர் வண்டியைப் பிரித்துப் பார்த்த அனுபவமிக்க தொழிலாளி ஒருவர், உள்ளிருந்த ரப்பர் வளையங்கள் கெட்டிருந்ததை எடுத்துக் காட்டினார். அந்த வண்டிக்கு உரியது கனிம எண்ணெய். ஊற்றப்பட்டதோ வேறு வகை நீர்மம். பிரேக் பிடியின் மேலேயே இச்செய்தி பொறிக்கப்பட்டிருந்தது. வண்டியோடு வந்த குறிப்பேட்டிலும் இருந்தது. இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தன. முதலில் பழுது பார்த்தவரும் அதைப் படிக்கவில்லை, மாணவரும் படிக்கவில்லை. தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் ஒரு கை முறிந்திராது என்று நாம் வருந்தினோம். அவ்வருத்தமே இக்கட்டுரையாயிற்று.

தத்துவமும் வரலாறும்

மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பது பாஸ்கல் விதி. இதனைக் கூறிய பிளேய்ஸ் பாஸ்கல் 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர். உருளைக்குள் உந்துதண்டை நகர்த்தி நீரை ஆளும் கலை அவருக்கு நெடுங்காலம் முன்பே வளர்ந்திருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர் நீராலும் காற்றழுத்தத்தாலும் இயங்கும் பொறிகளைப் பற்றி நூல் செய்தனர். 1206-இல் தம் பொறியியல் நூலை நிறைவு செய்த அல்ஜஸரீ, எதிரெதிராக அமைந்த இரண்டு உந்துதண்டுகளால் நீரிறைக்கும் பொறியை அதில் விளக்கியுள்ளார்.

1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரம்மா நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். 1902-இல் லான்செஸ்டர் வட்டுத்தடைக்குக் காப்புரிமை பெற்றார். 1953-இல் பிரான்சு நாட்டு லெ மான் கார்ப் பந்தயத்தில் வட்டுத்தடை பொருத்திய ஜாகுவார் கார் வென்றபின் அதன் பெருமை உலகெங்கும் பரவிற்று. மிதிவண்டிக்கு இது பிந்தியே வந்தது. மலைப்பாதை வண்டிகளில் முதலில் இடம்பெற்றது. சாலைப் பந்தய வண்டிகளில் இதனைப் பயன்படுத்த உலக மிதிவண்டிச் சங்கம் 2018-இல்தான் முழு இசைவு தந்தது.

தமிழகம் இத்துறைக்குப் புதியதன்று. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டி செய்தது. 1962-இல் தோன்றிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் பாடியில் ஊர்திகளுக்கான பிரேக்குகளைச் செய்து வருகிறது. திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரங்களையும் நீரியல் தடையமைப்பையும் செய்தளித்தது. முட்டுக்கட்டை ஆண்ட இடத்தில் பாஸ்கல் விதி புகுந்த காட்சியைத் தமிழர் கண்ணெதிரே கண்டுள்ளனர்.

இயங்கும் முறை

கைப்பிடியில் ஒரு சிறு உருளை. சக்கரத்தின் அச்சருகே 'காலிப்பர்' எனப்படும் இடுக்கி. இரண்டையும் இணைப்பது மெல்லிய குழாய். மூன்றும் நீர்மத்தால் நிறைந்திருக்கும். விரலால் பிடியை அழுத்தும்போது மேலுள்ள உந்துதண்டு நகர்கிறது. அழுத்தம் குழாய் வழியே சென்று காலிப்பரின் உந்துதண்டுகளைத் தள்ளுகிறது. அவை 'பேடு' எனப்படும் உராய்வுக் கட்டைகளால் எஃகு வட்டை இருபுறமும் இறுக்குகின்றன.

மேல் உந்துதண்டின் விட்டம் 10 மி.மீ., கீழ் உந்துதண்டின் விட்டம் 22 மி.மீ. எனக் கொள்வோம். பரப்பளவில் கீழது ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரிது. எனவே விசையும் ஏறத்தாழ ஐந்து மடங்காகும். ஒரே விரலால் வண்டியை நிறுத்த முடிவதன் மறைபொருள் இதுவே.

இதனை நம் கால்வாயோடு ஒப்பிடலாம். சுத்தமல்லி அணையில் பிரியும் நெல்லைக் கால்வாயில் இடையே உடைப்பு ஏற்பட்டால் கடைமடைக்கு நீர் சேராது. அதுபோல், குழாயில் ஒரு துளி கசிந்தாலும் விரலின் விசை வட்டைச் சேராது. குழாயினுள் காற்று புகுந்தாலும் இதே நிலைதான். நீர்மம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். நாம் தரும் விசை காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும்.

நம்பத் தக்கதா?

நம்பலாம், பேணினால் நம்பலாம். வழக்கமான வண்டிகளில் ரப்பர்க் கட்டை சக்கர விளிம்பைப் பிடிக்கிறது. எஃகு விளிம்பு மழையில் நனைந்தால் கட்டை வழுக்கும்; நிற்கும் தொலைவு மிகுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டி ஓட்டியவர்கள் இதனை நன்கறிவர். வட்டு, சாலை நீரிலிருந்து உயர்ந்து அச்சருகே இருப்பதாலும், பேடு மிக்க விசையோடு அழுத்துவதாலும் மழையிலும் பிடிப்பு பெரிதும் குறைவதில்லை. கம்பியைப் போல் துருவேறி இறுகும் குறையும் இதற்கு இல்லை. பேடு தேயத் தேய உந்துதண்டு தானே முன்னேறி இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும்.

இறக்கத்தில் இதன் பயன் இன்னும் மிகுதி. ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடை மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்கையில் அதன் இயக்க ஆற்றல் 4,000 ஜூல். மாஞ்சோலை மலைச்சாலை போன்றதொரு பாதையில் 1,000 மீட்டர் உயரம் இறங்குவோமாயின், கழிக்கப்பட வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 7,84,000 ஜூல். இதில் ஒரு பகுதியைக் காற்றின் தடை ஏற்கும். எஞ்சியது பிரேக்கில் வெப்பமாகும். அவ்வெப்பம் சக்கர விளிம்பையும் டியூபையும் தாக்காது வட்டோடு நிற்பது பெருநன்மை.

குறைகளும் உள. கம்பி அறுந்தால் எந்தச் சிற்றூர்க் கடையிலும் மாற்றலாம். நீர்மத் தடை பழுதானால் உரிய கருவியும் உரிய நீர்மமும் அறிந்த கையும் வேண்டும். வட்டிலோ பேடிலோ சிறிது எண்ணெய் பட்டாலும் பிடிப்பு கெடும். மேலும், சிறுகச் சிறுக வரும் தேய்வை இது மறைத்துவிடும். கம்பிப் பிரேக் போல் முன்னரே முனகி எச்சரிப்பதில்லை.

பேணும் முறை

முதலாவது, நீர்மம் அறிதல். இது இருவகை. ஒன்று கனிம எண்ணெய். மற்றொன்று 'டாட்' எனக் குறிக்கப்படும் பிரேக் நீர்மம். ஒன்றற்குரிய இடத்தில் மற்றொன்றை ஒருபோதும் ஊற்றலாகாது. ரப்பர் வளையங்கள் உப்பிக் கெடும். தேங்காய் எண்ணெயோ எஞ்சின் ஆயிலோ ஊற்றுவது பெருந்தீங்கு.

இரண்டாவது, நீர்மத்தை மாற்றுதல். டாட் நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 நீர்மத்தின் கொதிநிலை 230 பாகை செல்சியசுக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் அதற்கு விதித்த கீழெல்லை 155 பாகை மட்டுமே. நெடிய இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பிடி வெறுமையாகிவிடும். ஆகவே ஆண்டுக்கொரு முறை மாற்றுதல் நன்று. திறந்து நெடுநாளான புட்டியிலுள்ளதைப் பயன்படுத்தலாகாது. கனிம எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது. எனினும் நிறம் மங்கினால் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, அளவு நோக்கல். பல வகைகளில் பேடின் உராய்வுப் பகுதி அரை மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் மாற்றவேண்டும். 1.8 மி.மீ. தடிப்புள்ள வட்டு 1.5 மி.மீ. ஆகுமளவு தேய்ந்தால் மாற்றவேண்டும். புதிய பேடு பொருத்தியபின் ஆளில்லாச் சமவெளியில் இருபது முப்பது முறை வேகமெடுத்து மெல்லக் குறைத்துப் பழக்கினாலன்றி அது முழுப் பிடிப்பைத் தராது.

நான்காவது, தூய்மை. சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது வட்டில் தெறிக்காமல் காத்தல் வேண்டும். வட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மட்டும் துடைக்க வேண்டும். கைவிரல் எண்ணெய்ப் பசையும் ஆகாது; இறக்கம் இறங்கியவுடன் தொட்டால் வட்டு கையைச் சுடும்.

ஐந்தாவது, சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது பிடியை அழுத்தலாகாது. உந்துதண்டுகள் முன்தள்ளி வட்டுக்கு இடமில்லாமற் போகும்.

ஆறாவது, வெள்ளத்திற்குப் பின் ஆய்தல். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்ததையும், தாமிரபரணி கரைபுரண்டதையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் சேறும் கழிவெண்ணெயும் பேடில் ஊறியிருக்கும். பேடுகளை மாற்றி, நீர்மத்தையும் மாற்றி, அச்சுக் குண்டுகளைக் கழுவிய பின்னரே ஓட்ட வேண்டும்.

இவையனைத்தினும் எளியது ஒன்றுண்டு. நாள்தோறும் ஏறுமுன் இரு பிடிகளையும் அழுத்திப் பார்த்தல். பிடி பாதி வழியில் உறுதியாக நிற்க வேண்டும். பஞ்சுபோல் அமுங்கினாலோ, பலமுறை அழுத்தியபின்தான் இறுகினாலோ உள்ளே காற்று இருக்கிறது என்பது பொருள். அன்று வண்டியை உருட்டிச் செல்வதே அறிவுடைமை. இதற்கு ஆகும் நேரம் ஐந்து நொடி.

யாருக்கு வேண்டும்?

பெற்றோர்க்கு ஒரு சொல். மேலப்பாளையத்திலிருந்தோ டவுனிலிருந்தோ சமவெளியில் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு, நன்கு பேணிய வழக்கமான பிரேக்கே போதும். கட்டை தேய்ந்தால் மாற்றி, கம்பிக்கு எண்ணெய் விட்டு வந்தால் அது ஏமாற்றாது. மலைப்பாதை செல்வோர்க்கும், மழையில் நெடுந்தொலைவு ஓட்டுவோர்க்கும் நீர்மத் தடை பயன்மிக்கது. அதனை வாங்குவோர் வண்டியின் விலையோடு ஆண்டுதோறும் பேணும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். விலை கொடுத்து வாங்கியது பேணாத போது காப்பதில்லை.

முடிவுரை

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று வினவியவர்க்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். கட்டுவது நம் கடமை. காப்பது அவன் கருணை. முன்னதைச் செய்யாமல் பின்னதை மட்டும் எதிர்பார்த்துவிட்டு, விபத்து நேர்ந்தபின் விதியின் மீது பழி போடுதல் முறையன்று.

வள்ளுவர் அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். வண்டிக்கும் அடக்கம் வேண்டும். அதை ஓட்டும் இளைஞர்க்கும் வேண்டும். அந்த மாணவரின் கை இன்று நன்கு தேறிவிட்டது. அவர் தம் வண்டியின் பிடியருகே ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறார். அதில் தம் கையாலேயே தமிழில் எழுதியுள்ளார்: 'கனிம எண்ணெய் மட்டும்.' நூறு பக்க நூலுக்கு ஒப்பானது அவ்வொரு வரி. நம் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வண்டிக்கு உரிய வரியை அறிந்து எழுதி ஒட்டுவாராயின் இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகும்.