புகையின் வழியைக் காட்டும் நிலப்படம்

புகைபோக்கியினின்று எழும் புகை எவ்விடத்தில் தரையைத் தொடுகிறது என்பதைக் கண்ணால் மட்டும் அறிதல் அரிது. புகை கலைந்து மறைந்த பின்னரும் கந்தக டை-ஆக்சைடு போன்ற வாயுக்கள் காற்றில் தங்கியிருக்கும். அவற்றின் செறிவைக் கணக்கிடுவது மாசு மாதிரிக் கணிப்பு. அக்கணக்கை ஊரின்மீது பொருத்திக் காட்டுவது கணினி நிலப்படம்.

திருவனந்தபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1946-ல் நிறுவப்பெற்ற திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை போன்ற தொழில்கள் கொச்சுவேளிக் கடற்கரையை ஒட்டியே அமைந்துள்ளன. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால் காற்று கரைநோக்கி வீசும். இக்கடற்காற்று கொந்தளிப்புக் குறைந்தது. ஆதலின் உயரமான புகைபோக்கியின் புகை அதில் சிதறாது மெல்லிய கீற்றாக உட்புறம் செல்லக்கூடும். சூடேறிய நிலத்தின்மேல் வளரும் கொந்தளிப்பு அடுக்கு அக்கீற்றை எட்டியதும், புகை விரைவாகத் தரைக்கு இறங்கும். ஆகவே மாசு மிகுவது ஆலையின் வாயிலில் அன்றி, அதற்கு அப்பாலுள்ள குடியிருப்பிலாகவும் இருக்கலாம். அளவுகருவியை வாயிலருகே மட்டும் வைத்தால் இவ்வுண்மை புலப்படாது.

இங்குதான் திறந்தமூல மென்பொருள் துணைபுரிகிறது. 1982-ல் அமெரிக்க இராணுவ ஆய்வகமொன்றில் தொடங்கிய கிராஸ், 2002-ல் தோன்றிய கியூ.ஜி.ஐ.எஸ். ஆகியவற்றிற்கு உரிமக் கட்டணம் இல்லை. கணக்கு எவ்வாறு செய்யப்பட்டது என்பதை எவரும் ஆராய்ந்து பார்க்கலாம். முதலில் 2000-ல் விண்கலத்தினின்று அளக்கப்பெற்ற நில உயரங்களை இட வேண்டும். அதன்மேல் திறந்த தெருப்படத்தின் சாலைகளும் பள்ளிகளும் அமையும். பின்னர் மாதிரி தரும் செறிவுகளைச் சமசெறிவுக் கோடுகளாக வரைய வேண்டும். கந்தக டை-ஆக்சைடுக்கு 2009-ஆம் ஆண்டின் தேசியத் தரம் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். இக்கோட்டிற்குள் எந்தெந்தப் பள்ளிகள் அடங்குகின்றன என்பது உடனே விளங்கும்.

எனினும் படத்தின் அழகு அதன் உண்மைக்குச் சான்றாகாது. கடற்காற்றைக் கருதாத எளிய சூத்திரம் தவறான இடத்தைச் சுட்டக்கூடும். களப்பணியாளர் காற்றின் திசை, வேகம், நேரம் ஆகியவற்றை ஒழுங்காகக் குறித்து, கோட்டினுள்ளும் வெளியிலும் அளந்து ஒப்பிட வேண்டும்.

1963 நவம்பர் 21-ல் அருகிலுள்ள தும்பாவினின்று எழுந்த முதல் ராக்கெட், சோடிய ஆவியை வெளியிட்டு மேல்வானத்தின் காற்றோட்டத்தைக் காட்டியது. கேரளப் பள்ளிக் கணினிப் பாடத்தில் கியூ.ஜி.ஐ.எஸ். இடம்பெற்றதுண்டு. ஆசிரியர்கள் இவ்விரண்டையும் இணைத்துக் கற்பிப்பாராயின், மாணவர் தம் பள்ளியின்மீது வீசும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத் தாமே ஆராய்ந்தறிவர்.