விரலுக்கு என்ன ரேட்?

உங்கள் வலது கையைக் கொஞ்சம் நீட்டுங்கள். ஜோசியம் பார்க்க இல்லை சார், ரேட் பார்க்க! கட்டை விரல் முழுசாகப் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டு விரலும் தலா 7. மோதிரம் போட்டிருந்தாலும் அதே 7தான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்தில் விரல் போனால் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைகிறது என்று சட்டத்தோடு சேர்ந்த அட்டவணையில் அச்சடித்திருக்கும் கணக்கு இது. பி.காம். படித்தபோது மெஷினுக்குத்தான் தேய்மானம் போடக் கற்றுக் கொடுத்தார்கள். விரலுக்கும் உண்டு என்று எனக்குத் தெரிந்தது போன வருஷம். ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில், நைட் ஷிப்ட்டில், என் அக்கா மகனின் கை பவர் பிரஸ்ஸில் மாட்டிக்கொண்ட அன்றைக்கு.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் அவதரித்த ஊர். 1991-க்குப் பிறகு ராஜீவ் காந்தி நினைவுக்கு வருவார். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்ததிலிருந்து, கம்பெனி பஸ்தான் நினைவுக்கு வருகிறது. கார் ஒன்று வெளியே வருவதற்கு ஆயிரக்கணக்கில் உதிரிபாகம் வேண்டும். தகட்டை அழுத்தி அதையெல்லாம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கின்றன. பிரஸ் மெஷினுக்குத் தகடும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான்.

பையனுக்கு ஆள்காட்டி விரலில் நுனிக் கணு போய்விட்டது. நடுவிரலில் தசைநார் அறுந்து, டாக்டர் தைத்தார். அறுந்த துண்டை யாரோ நல்ல எண்ணத்தில் நேராக ஐஸ் கட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தார்கள். அது தப்பு! சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். நேராக ஐஸ் பட்டால் சதை கெட்டுவிடும். இதை நீங்கள் கத்தரித்து பிரிட்ஜ் மேல் ஒட்டிக்கொண்டாலும் சரி.

ஆபரேஷன் முடிந்ததும் நாங்கள் டாக்டருக்குக் கும்பிடு போட்டோம். கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். அங்கேதான் ஆரம்பமே!

தைத்த தசைநார் சும்மா கிடந்தால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் விரல் மடங்காது. அவசரப்பட்டு இழுத்தாலோ தையலே அறுந்துவிடும். எவ்வளவு மடக்க வேண்டும், எப்போது மடக்க வேண்டும், எந்தக் கோணத்தில் பட்டை கட்ட வேண்டும்... இந்தக் கயிற்றுமேல் நடக்கிற வித்தைதான் பிசியோதெரபி. கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், போர்டுகூடச் சரியாகத் தெரியாத ஒரு மூலையில் அது இருந்தது.

உள்ளே போனால் ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. பால்வாடி மாதிரி இருந்தது. ஒருத்தர் ஸ்பாஞ்ச் பந்தைப் பிசைகிறார். ஒருத்தர் துணி கிளிப்பை மாட்டி மாட்டிக் கழற்றுகிறார். நம்ம பையன் ஒரு பேசின் அரிசிக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருக்கிறான். வெட்டுப்பட்ட இடத்தில் காற்றுப் பட்டாலே உயிர் போகுமாம். அரிசியில் அளைந்து அளைந்துதான் அந்தக் கூச்சத்தைப் பழக்க வேண்டுமாம். பிசியோ மேடம் ஒடிசாப் பையனிடம் "மோடோ... சீதா கரோ... தர்த்?" என்று கேட்கிறார். அவருக்குத் தெரிந்த இந்தியே அவ்வளவுதான். அதுவே போதுமாக இருக்கிறது.

இதே பெங்களூர் ரோட்டில் மேற்கே போனால் வேலூர். அங்கே சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். 1966-ல் பாகாயத்தில் அதற்கென்றே தனி நிலையம் திறந்தது. நோயாளியாகவே இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும் போலிருக்கிறது, ஆபரேஷனுக்கு அடுத்த நாள் என்று ஒன்று இருப்பது.

விரல் ஒருவழியாக மடங்க ஆரம்பித்தது. அடுத்த வலி பேப்பர். பையன் காண்ட்ராக்ட் தொழிலாளி. கம்பெனியைக் கேட்டால் காண்ட்ராக்டரைக் காட்டுகிறது. காண்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை. மாதம் 15,000 ரூபாய் சம்பளம், 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ. பிடித்தம், சம்பளச் சீட்டில் இருக்கிறது. கட்டினார்களா என்பதுதான் கேள்வி. அக்கா தாலிச் செயினை எடுத்து வைத்துவிட்டாள், அடகுக்கு.

அப்போது வந்தவர்தான் மருத்துவ சமூகப் பணியாளர். அப்படி ஓர் உத்தியோகம் இருப்பதே எனக்குத் தெரியாது. வார்டு வார்டாக ஃபைலோடு நடந்த அவரை ஆடிட்டர் என்றே நினைத்தேன். ஆனால் இது பழைய உத்தியோகம். 1905-லேயே அமெரிக்காவில் பாஸ்டன் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் 1946-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரி. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் சமூகப்பணிக்குக் கல்லூரியே ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்ன மூன்று விஷயம் அக்காவின் செயினைக் காப்பாற்றியது. காண்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. கட்டும் பொறுப்பு முதலில் பெரிய கம்பெனிக்குத்தான். அவர்கள் கட்டாமல் விட்டிருந்தாலும் ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு அவர்களிடம் வசூல் செய்யலாம். வேலையில் நடந்த விபத்துக்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது; சேர்ந்த முதல் நாளே விரல் போனாலும் உண்டு. "விபத்து ரிப்போர்ட்டை மட்டும் எழுதி வாங்கிடுங்க சார், வாய் வார்த்தை வேண்டாம்" என்றார். இரண்டு போன், ஒரு கடிதம். ரிப்போர்ட் வந்தது.

படுத்திருந்த நாட்களுக்கு 90 சதவீதச் சம்பளம் கிடைத்தது. நுனிக் கணுவுக்கு அட்டவணைப்படி 9 சதவீதம். 15,000-ல் 90 சதவீதம் 13,500. அதில் 9 சதவீதம் 1,215. தோராயமாக அவ்வளவுதான், மாதா மாதம், ஆயுசுக்கும். பெரிய பணமா என்றால் இல்லை. ஆனால் கேட்கத் தெரியாமல் விட்டிருந்தால் அதுவும் இல்லை. பக்கத்துக் கட்டில் பீகார்க்காரர் அந்த ரிப்போர்ட் வாங்காமலேயே ரயில் ஏறிப் போய்விட்டார். அவருக்கு இரண்டு விரல்.

நம்ம பையன் இப்போது வேறு கம்பெனியில், பேக்கிங் பிரிவில். ராத்திரியெல்லாம் அந்த நடுவிரலால் செல்போனைத் தள்ளித் தள்ளி ரீல்ஸ் பார்க்கிறான். அக்கா பொறுக்க முடியாமல் பிசியோ மேடத்திடமே புகார் செய்தாள்.

"தள்ளட்டும்மா, தள்ளட்டும்" என்று சிரித்தாராம் அவர். "நான் சொன்ன பயிற்சியை இவ்வளவு ஒழுங்கா எவன் செய்யறான்?"