கைக்கு எட்டாத ஆறாம் இடம்

ஏழு வயதுச் சிறுமிக்கு டிராம்போன் பெரிய வாத்தியம். அதில் பொத்தான்கள் கிடையாது. முன்னும் பின்னும் நழுவும் ஒரு குழாய், அதில் ஏழு நிறுத்தங்கள். எங்கே நிறுத்தினால் எந்தச் சுரம் என்று கோடு எதுவும் போட்டிருக்காது. வயலின் வாசிப்பவரைப் போலக் காதை நம்பித்தான் கையை நகர்த்த வேண்டும். ஆறாவது நிறுத்தம் கைக்கு எட்டாதபோது சிறுமி மெல்பா லிஸ்டன் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, தோளை முன்னே தள்ளி எட்டிப் பிடிப்பார். எட்டு வயதில் உள்ளூர் வானொலியில் தனியாக வாசித்தார்.

1926இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்து, பதினாறு வயதிலேயே தொழில்முறைக் கலைஞராகி, ஜெரால்ட் வில்சனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். அங்கே நோட்ஸ் எழுதும் வேலையும் செய்தார். ஒரு மெட்டை எடுத்து, டிரம்பெட் என்ன வாசிக்க வேண்டும், சாக்ஸபோன் எங்கே மௌனமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுப்பது அரேஞ்சரின் வேலை. கைதட்டல் மேடையில் முன்னால் நிற்பவருக்குப் போகும். எழுதியவர் பெயர் பலருக்குத் தெரியாது.

1949இல் பாடகி பில்லி ஹாலிடேயுடன் தென் மாநிலங்களுக்குப் போன பயணத்தில் கூட்டம் வரவில்லை. பணம் தீர்ந்து குழு நடுவழியில் நின்றது. மனம் வெறுத்துப்போன மெல்பா வாசிப்பை விட்டுவிட்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் கல்வித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். ‘டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ படத்தில் கூட்டத்தில் ஒருவராகத் தலைகாட்டியதும் இந்தக் காலத்து வேலைதான்.

திரும்ப அழைத்தவர் டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி. 1956இல் அமெரிக்க அரசு தன் செலவில் அவருடைய குழுவை ஈரான், பாகிஸ்தான், லெபனான், துருக்கி என்று அனுப்பியது. ‘பெண்ணை எதற்கு வரவழைத்தீர்கள்?’ என்று குழுவில் முணுமுணுப்பு. கில்லெஸ்பி வாதாடவில்லை. மெல்பா எழுதிய தாள்களை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். முணுமுணுத்தவர்களால் தடுமாறாமல் வாசிக்க முடியவில்லை. ஜாஸ் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. பதில் சொன்னது காகிதம்.

சொந்தப் பெயரில் அவர் தலைமை தாங்கி வெளியிட்ட ஆல்பம் ஒன்றே ஒன்று, ‘மெல்பா லிஸ்டன் அண்ட் ஹர் போன்ஸ்’. 1958இல் பதிவானது, டிராம்போன்கள்தான் அதில் நாயகர்கள். இன்னும் சில ஆல்பங்கள் வந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உண்டு.

ஆனால் அவருடைய ஆகப் பெரிய சாதனை பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனோடு செய்தது. வெஸ்டனின் மெட்டுகளுக்கு மெல்பா வாத்தியக் குழுவின் உடலைக் கொடுத்தார். ஆப்பிரிக்க நாடுகள் அடுத்தடுத்து விடுதலை பெற்ற 1960இல் இருவரும் உருவாக்கிய ‘உஹுரு ஆஃப்ரிகா’வில் முரசுகளும் பித்தளை வாத்தியங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ‘உஹுரு’ என்றால் ஸ்வாஹிலியில் விடுதலை. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் அந்த இசைத்தட்டுக்குத் தடை.

எழுபதுகளில் ஜமைக்காவில் இசை கற்பித்துவிட்டு 1979இல் அமெரிக்கா திரும்பினார். 1985இல் வந்த பக்கவாதம் டிராம்போனைப் பறித்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கணினியின் துணையோடு மறுபடி நோட்ஸ் எழுதினார். 1999இல் காலமானார்.

சக்கர நாற்காலியிலிருந்து எழுதிய அந்த நாட்களில், 1991இல் வெஸ்டனின் ‘ஸ்பிரிட்ஸ் ஆஃப் அவர் ஆன்செஸ்டர்ஸ்’ பதிவுக்கு வாத்தியங்களை அமைத்துக் கொடுத்தவரும் மெல்பாதான். அதில் ஒரு பாட்டுக்கு டிரம்பெட் ஊத வந்தார் கில்லெஸ்பி.