தேய்ந்த மீசான் கல்லும் இரண்டு நிழற்படங்களும்

கிழக்கு ஜாவாவில், கிரெசிக் நகருக்கு அருகேயுள்ள லேரான் என்னும் சிற்றூர் ஒரு பழைய மீசான் கல்லால் புகழ்பெற்றது. ஃபாத்திமா பின்த் மைமூன் என்னும் பெண்மணியின் பெயரைத் தாங்கிய, கூஃபி எழுத்துப் பொறித்த கல் அது. அவர் மறைந்த ஆண்டை ஹிஜ்ரி 475 (கி.பி. 1082) என்று சிலரும், 495 (கி.பி. 1102) என்று வேறு சிலரும் படித்தனர்.

இருபது ஆண்டு வேறுபாடு எதனால்? எழுபதைக் குறிக்கும் ‘ஸப்ஈன்’, தொண்ணூறைக் குறிக்கும் ‘திஸ்ஈன்’ ஆகிய அரபுச் சொற்கள் இரண்டும், புள்ளியின்றி எழுதினால் ஒரே வடிவம் கொள்ளும். அத்தகைய எழுத்தில் ஒரு சிறு பல் தேய்ந்து போனாலும் பெயரே மாறிவிடும் அன்றோ?

தேய்ந்த கல்லைக் கண்டதும் கம்பி பிரஷால் தேய்ப்பதும், அமிலம் ஊற்றுவதும், சாக்கட்டியால் எழுத்தை வரைவதும் பலருடைய வழக்கம். எஞ்சியிருக்கும் எழுத்தையும் இவை அழித்துவிடும். சாக்கட்டியோ, நாம் ஊகித்ததையே கல்லின் மீது எழுதிவிடும்.

கல்லைத் தொடாமலே படிக்க ஒரு வழி உண்டு. ஒற்றை நிழற்படத்தில் பாசிக் கறையும் எழுத்தின் பள்ளமும் ஒன்றுபோலக் கருமையாகத் தெரியும். ஆனால் நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வெவ்வேறு கோணங்களில் காண்பதாலேயே ஆழம் புலனாகிறது. இதனை 1838ஆம் ஆண்டில் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிக் காட்டினார்.

செய்முறை எளிது. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது, இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து ஒரு படம் எடுங்கள். கேமராவைத் திருப்பாமல், ஆறு ஏழு சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி, நிழல் மாறுமுன் மற்றொன்று எடுங்கள். இரண்டையும் ஸ்டீரியோஸ்கோப் என்னும் இரு வில்லைக் கருவியில் வைத்து நோக்கினால், கறை தட்டையாகவே கிடக்க, எழுத்து மட்டும் மேடுபள்ளமாகத் தனித்து நிற்கும். இன்று பல கோணப் படங்களைக் கணினியில் இணைத்து, நிறத்தை அறவே நீக்கி, வடிவத்தை மட்டும் காண்பதும் இதே தத்துவத்தின் வளர்ச்சியே.

எனினும் கருவி காட்டுவது எஞ்சிய வடிவத்தை மட்டுமே. இல்லாத புள்ளியை அது வைத்துத் தராது. படிப்பதற்கு அரபு கற்ற ஆலிமும், குடும்ப வரலாறு அறிந்த முதியவரும் வேண்டும்.

காயல்பட்டினம் போன்ற நம் பழம்பதிகளிலும் அரபு பொறித்த தொன்மையான மீசான் கற்கள் உள்ளன. அடுத்த முறை ஜியாரத்துக்குச் செல்லும்போது, மையவாடிப் பொறுப்பாளரின் இசைவு பெற்று இரண்டு படங்கள் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மழைக்காலமும் எழுத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. கல் மறந்த பின்னும் அந்தப் பெயர் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.