பொய்யுரைத்த கருவி

கோபுரத்திலே 158 அடி உயரத்துக்கு எண்ணெய் நிற்கிறது. கருவியோ, "எட்டடிகூட இல்லை, அதுவும் இறங்கிக்கொண்டிருக்கிறது" என்று காட்டுகிறது!

கட்டுக்கதையல்ல, தோழர்களே! அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில், பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், 2005 மார்ச் 23 அன்று நடந்தது. கோபுரத்தின் உயரம் 170 அடி. மூன்று மணி நேரத்துக்கு மேலாக எண்ணெயை ஏற்றினர். ஒரு சொட்டும் இறக்கவில்லை. பொங்கி வழிந்தது, ஆவியாய்ப் படர்ந்தது, பற்றிக்கொண்டது. மாண்டவர் 15 பேர். காயமுற்றவர் 180 பேர்.

கருவி ஏன் பொய் சொன்னது? எண்ணெயில் அமிழ்ந்திருக்கும் உருளையை எண்ணெய் எவ்வளவு தாங்குகிறது என்பதை வைத்தே அது மட்டத்தைக் கணக்கிடும். அடிப்பகுதி தவிர வேறெதையும் அது அறியாது. எண்ணெய் சூடேறியது; அடர்த்தி குறைந்தது; தாங்கும் வலுவும் குறைந்தது. மட்டமே குறைகிறதென்று கருவி கூறிவிட்டது! தனியே இருந்த அபாயமணியோ வாய் திறக்கவில்லை. கண்ணாடிக் குழாயில் பார்க்கலாமென்றால், அழுக்கேறி ஒன்றும் தெரியாது.

கருவி கெடுவது இயல்பு. அது கெட்டாலும் கட்டுப்பாடு கெடாதிருக்க வழி இல்லையா? இருக்கிறது. இரண்டு கருவிகள் முரண்பட்டால், ஏதோ கோளாறு என்றுதான் தெரியும். பொய்யன் யாரென்று தெரியாது. மூன்று வைத்தால் இருவர் சொல் எடுபடும். மூன்றும் ஒரே வகையாயிருந்தால்? மூன்றும் சேர்ந்தே பொய் பேசும்! ஆகவேதான் கணக்கையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள் பொறியியலார். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு? மிச்சம் உள்ளேதானே இருக்க வேண்டும்? கருவியின் சொல் அதனோடு ஒத்துவராவிட்டால், இயந்திரமே அதைத் தள்ளிவைத்து, எண்ணெய் வரத்தை அடைத்துவிடும்படி அமைக்கலாம்.

டெக்சாஸ் சிட்டியிலோ, வரவு ஒரு திரையில். செலவு வேறொரு திரையில்! கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியவர்கள், நாளுக்குப் 12 மணி நேரமாய், 29 நாளுக்குமேல் ஓய்வின்றி உழைத்த ஆபரேட்டர்கள்.

செலவாகுமே என்பார்கள் முதலாளிமார். 1999-இல் 25 விழுக்காடு செலவைக் குறைக்க மேலிடம் ஆணையிட்டதை, 2007-இல் வெளியான அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை எடுத்துக் காட்டியிருக்கிறது. மாண்ட 15 பேரும் ஒப்பந்தப் பணிக்கு வந்தவர்கள். அருகே நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அறைகளிலும் அவற்றை ஒட்டியும் இருந்தவர்கள். அந்தக் கோபுரத்துக்கும் அவர்கள் வேலைக்கும் தொடர்பே இல்லை.